சீருடை யாருடைய கடமை?

தென்னேரி,
காஞ்சிபுரம் மாவட்டம்.

அன்புள்ள சகோதரிக்கு,

வாலாஜாபாத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. எட்டாம் வகுப்பு வரை இலவசமாக வந்துகொண்டிருந்த சீருடை ஒன்பதில் நின்றுவிட்டது. துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறீர்கள். பள்ளி திறக்கிற நேரத்துக் கூட்டத்தில் டைலர் இழுத்தடிக்கிறார். பழைய சீருடையோடு போன உங்கள் மகளை முதல் இரண்டு பீரியடும் வராந்தாவில் நிற்கவைத்திருக்கிறார்கள். அவள் சொன்ன காரணத்தை யாரும் காதில் வாங்கவில்லை. பள்ளியின் பெயரையும் உங்கள் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். போடவில்லை.

என்னை எழுத உட்காரவைத்தது உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம். அன்றிரவு வீட்டில் நடந்த வாக்குவாதத்தை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி, "இந்த யூனிஃபார்மே வேண்டாம்க்கா, பிள்ளைங்கள எதுக்கு மிலிட்டரி மாதிரி நிறுத்தணும்?" என்று போனில் கத்துகிறார். காலமெல்லாம் தறியில் உட்கார்ந்த மாமனார், "அந்தச் சட்டை இருக்கப்போய்தாம்மா நம்ம தெருப் புள்ளைங்க நாலு எழுத்து படிச்சுது" என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி, சீருடை கட்டாயம் தேவையா என்பது உங்கள் கேள்வி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீருடை வேண்டும். கட்டாயமும் வேண்டும். ஆனால் அந்தக் கட்டாயம் சீருடையைக் கொடுக்க வேண்டியவர்கள் மேல் விழ வேண்டும். உடுத்துகிற பிள்ளை மேல் விழக் கூடாது. பள்ளிக்கு வந்த பிள்ளையின் உரிமை அது. அதையே வகுப்புக்குள் நுழைவதற்கான நிபந்தனையாக மாற்றியதில்தான் உங்கள் மகள் வராந்தாவில் நின்றாள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்க, உங்கள் மாமனாரிடமிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளுக்குச் சீருடை சோற்றுக்குப் பின்னாலேயே வந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையான காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. நம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். பசியோடு வருகிற பிள்ளை படிக்காது என்று மதிய உணவுத் திட்டத்துக்கு ஊர் ஊராக அலைந்தவர். 1958-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. ஊர் மக்கள் தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று தாங்களே பார்த்து, ஆளுக்கு ஒன்றாகத் தருவார்கள். ஒருவர் வகுப்பறை கட்டித் தருவார், ஒருவர் கரும்பலகை, ஒருவர் பெஞ்சு. பிள்ளைகளுக்குச் சீருடையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதாவது சீருடை நம் கிராமங்களுக்குள் நுழைந்தபோது அது ஊர் கொடுத்த பொருள். "இதைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவோம்" என்று யாரும் சொன்னதாக அந்தக் கதையில் இல்லை.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1985-ல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வந்தது. 2012-13 கல்வியாண்டிலிருந்து அது ஆண்டுக்கு நான்கு செட் ஆனது. இன்றைக்கும் விதி அதேதான்: ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை, சத்துணவுப் பட்டியலில் பெயர் இருக்கிற பிள்ளைக்குச் சீருடை உண்டு. துணியை விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன, கோ-ஆப்டெக்ஸ் வாங்கித் தருகிறது, மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களில் பெண்கள் தைக்கிறார்கள். ஒரு சட்டைக்குப் பின்னால் இத்தனை பேருடைய பிழைப்பும் இருக்கிறது.

நெசவுத் தெருவில் பிறந்தவருக்கு இதில் இன்னொரு கணக்கும் தெரியும். உங்கள் மாமனார் சொன்னது அதுதான். தம்பிக்காக அதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி ஊடையில் ஓடி, சேருமிடத்தில் இழைக்கு இழை பூட்டிக்கொள்ளும். அதற்கு மூன்று நாடா வேண்டும். ஒரே ஆள் மூன்றையும் ஓட்டினால் வேலை நகராது. அதனால் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பி விடுவார். அதற்கு உடம்பில் பலம் தேவையில்லை. சின்ன விரலும் நல்ல கண்பார்வையும், எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் பொறுமையும் போதும். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சொந்தத் தறி என்றால் தன் பிள்ளை. கூலித் தறியில் பெரும்பாலும் முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளை. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கிய கடனுக்கு எட்டு வயதுப் பையனை ஆளாக விட்டுவிட்டு, கடன் தீருகிறவரை அவன் எழுந்து வர முடியாமல் கிடந்த கதைகள் நம் பக்கத்தில் ஏராளம். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துக்கும் இடம் இருந்தது. கோயில் நகரம், பட்டு நகரம் என்று பெருமை பேசுகிற நமக்கு அது உறுத்தத்தான் செய்யும்.

அந்தக் காலத்தில் பகல் பதினோரு மணிக்கு நெசவுத் தெருவில் ஒரு பத்து வயதுப் பையன் நடந்து போனால் யாருக்கும் எதுவும் தோன்றாது. அவன் பள்ளிக்குப் போகிறவனா, தறிக்குப் போகிறவனா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. சீருடை பரவிய பிறகு தெருவுக்கே ஒரு கண் வந்தது. ஒன்பதரை மணிக்கு மேல் கலர் சட்டையில் நிற்கிற பிள்ளையை "ஏண்டா, ஸ்கூல் போகல?" என்று பெட்டிக்கடைக்காரர் கேட்பார், தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் கேட்பார்கள். அப்பன் பதில் சொல்ல வேண்டி வந்தது. குழந்தைகளைத் தறியிலிருந்து எழுப்பியது சீருடை மட்டும் என்று சொல்லமாட்டேன். சோறு இருந்தது, குழந்தைத் தொழிலாளர் திட்டத்துச் சிறப்புப் பள்ளிகள் இருந்தன, சட்டம், அதிகாரிகளின் சோதனை, தொண்டு நிறுவனங்களின் உழைப்பு எல்லாம் இருந்தன. தறிக்கூலி கட்டாமல் போனதும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்ததும்கூடக் காரணம். ஆனாலும், பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஊருக்குக் காட்டிக்கொடுத்தது அந்தச் சட்டைதான். மாமனார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இனி தம்பி கட்சி. மிலிட்டரி என்று அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. சீருடைக்காக வாதாடுகிற பலர் முதலில் எடுத்துவிடுவது ஒழுக்கம் என்ற வார்த்தையைத்தான். சீருடை போட்டால் பிள்ளை அடங்கும், அடங்கினால் படிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் லாங் பீச் கல்வி மாவட்டம் 1994-ல் சீருடையைக் கட்டாயமாக்கியது. குற்றம் குறைந்தது என்று செய்தி வர, 1996-ல் அதிபர் கிளின்டனே நாடாளுமன்ற உரையில் சீருடையைச் சிபாரிசு செய்தார். 1998-ல் டேவிட் பிரன்ஸ்மா, கெர்ரி ராக்கமோர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் நாடு தழுவிய மாணவர் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். வருகைப்பதிவிலோ நடத்தையிலோ போதைப் பழக்கத்திலோ சீருடையால் நேரடியான பலன் எதுவும் தென்படவில்லை என்று எழுதினார்கள். அங்கே அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சட்டை மாற்றினால் குணம் மாறும் என்ற எளிய கணக்கு நிற்காது என்பது தெரிந்துவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? தென்னேரியிலிருந்து சுங்குவார்சத்திரம் கூப்பிடு தூரம். 2024 செப்டம்பரில் தொடங்கி அங்கே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து, பன்னிரண்டு வருஷம் பள்ளிச் சீருடையில் வளர்ந்து, அதற்குப் பிறகு கம்பெனிச் சட்டையில் தினமும் ஷிஃப்டுக்குப் போன பிள்ளைகள்தான் அவர்கள். சீருடை ஆளை அடக்கிவிடும் என்றால் அவர்கள் பந்தலில் உட்கார்ந்திருக்கவே மாட்டார்கள். ஒழுக்கம் வரும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும், அடிமைப்புத்தி வந்துவிடும் என்று பயப்படுகிற உங்கள் தம்பிக்கும் நான் சொல்லும் பதில் இந்த ஒன்றே. சீருடைக்கு அவ்வளவு சக்தி கிடையாது. அதனால் முடிகிற சின்ன நன்மையை மட்டும் அதனிடம் எதிர்பார்ப்போம்.

அந்தச் சின்ன நன்மை சமத்துவம். அதையும் பெரிதாக்கிப் பேச வேண்டாம். இலவசச் சீருடை கைக்கு வந்ததும் நம் வீட்டுப் பெண்கள் நேரே தெருமுனை டைலரிடம் போவார்கள். "வளர்ற பொண்ணு, உள்ள நல்லா மடிச்சு வைங்க" என்பார்கள். அவரும் கீழே நான்கு விரல் அகலத்துக்கு மடித்து அடிப்பார். அடுத்த ஜூனில் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். வெயிலிலும் சோப்பிலும் மேல் துணி வெளுத்திருக்கும். உள்ளே இருந்த துணி புதுசாகவே இருக்கும். பாவாடையின் அடியில் அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அதற்கடுத்த வருஷம் இன்னொரு பட்டை. அக்காவுடையது தங்கைக்கு வந்ததா, புதுசா என்று வகுப்பில் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். ஒரே நிறத்துணிக்குள்ளும் வறுமை எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி இருக்கிறது. ஆனாலும் கலர் டிரஸ் நாளோடு ஒப்பிட்டால் இது தேவலை. பிறந்தநாளுக்குக் கலர் டிரஸில் வந்து சாக்லேட் கொடுக்கிற பிள்ளையும், கலர் டிரஸ் போட்டு வரச்சொன்ன ஆண்டுவிழா நாளில் "வயித்துவலி" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிற பிள்ளையும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. சீருடையை எடுத்துவிட்டால் வருஷத்தில் இருநூறு நாளும் கலர் டிரஸ் நாள்தான். தம்பி இதை யோசித்துப் பார்க்கட்டும்.

சாதிக்கு முன்னால் சீருடை இன்னும் பலவீனமானது. தெற்கே சில மாவட்டங்களில் பிள்ளைகள் ஒரே சீருடையில் வந்து, மணிக்கட்டில் மட்டும் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டார்கள். இதைத் தடுக்கச் சொல்லி 2019-ல் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. அரசியல் எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைய அமைச்சர் பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம் முதலிய அடையாளங்களைத் தடைசெய்யச் சொன்னார். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது போன்ற பெரிய மாற்றங்களையும் சொன்னார். கயிறு பற்றிய பரிந்துரைதான் அதிகம் விவாதிக்கப்பட்டது. சட்டை ஒன்றானால் போதாது. ஆசிரியர் அறையிலிருந்து பள்ளியின் பெயர்ப்பலகை வரை மாற வேண்டியவை நிறைய இருக்கின்றன என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

சரி, சீருடை நல்லது, ஆனால் அளவான நல்லது. அப்படியானால் எங்கே அது கெட்டதாக மாறுகிறது? பள்ளி வாசலில்.

கர்நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடுப்பியில் ஒரு பி.யு. கல்லூரியில் (நம் மேல்நிலை வகுப்புகள் மாதிரி) தலைத்துணி அணிந்த முஸ்லிம் மாணவிகளை வகுப்புக்குள் விடவில்லை என்று விவகாரம் தொடங்கியது. 2022 பிப்ரவரி 5 அன்று மாநில அரசு சீருடை விதியைக் காட்டி அந்தத் தடைக்கு ஆதரவாக ஆணை போட்டது. மார்ச் 15-ல் உயர்நீதிமன்றம் அதைச் சரி என்றது. அக்டோபர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு துலியா ஏற்கவில்லை. அவர் பார்வையில், மதத்தில் அது கட்டாயமா, இல்லையா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. ஏற்கெனவே பல தடைகளைத் தாண்டிப் பள்ளிக்கு வருகிற ஒரு பெண்ணின் வாழ்க்கையை இதனால் மேம்படுத்துகிறோமா என்பதே முதல் கேள்வி என்ற பொருளில் அவர் எழுதினார். வழக்கு பெரிய அமர்வுக்குப் போனது. அதே வழக்கில் வழக்கறிஞர்கள் ஒன்றை எடுத்துக்காட்டினார்கள்: மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாக்களில் சீருடைக்குப் பொருந்துகிற நிறத்தில் தலைத்துணிக்கு இடம் இருக்கிறது. காஞ்சிபுரத்திலும் வாலாஜாபாத்திலும் சீருடையோடு தலைத்துணி அணிந்து போகிற பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். அதனால் சீருடை ஒன்றும் குலைந்துவிடவில்லை. விதியை எழுதும்போதே பிள்ளையை மனதில் வைத்து எழுதினால் வாசலில் சண்டைக்கு வேலையே இருக்காது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த மனம் இன்னும் கொஞ்சம் வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கொடுக்கிற மாநிலம் நம்முடையது. தாவணி சீருடையாக இருந்தபோது முந்தானையைச் செருகிக்கொண்டு, பாவாடை செயினில் மாட்டாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்த பெண்களைக் கேளுங்கள், சுடிதார் வந்தது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்வார்கள். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்து வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப்பள்ளி 2018-லேயே ஆண், பெண் எல்லாருக்கும் முக்கால் பேண்ட்டும் சட்டையும் என்று மாற்றியது. 2021 டிசம்பரில் பாலுச்சேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி பேண்ட், சட்டைக்கு மாறியபோது சில மத அமைப்புகள் எதிர்த்தன. பிள்ளைகளோ, ஓடியாட வசதியாக இருக்கிறது என்றார்கள். சீருடை பற்றி முடிவெடுக்கிற கூட்டத்தில் அதை உடுத்தப்போகிறவர்களுக்கும் ஒரு நாற்காலி போடலாம். பேண்ட் வேண்டும் என்கிற பெண்ணுக்குப் பேண்ட், சுடிதார் வேண்டும் என்கிறவளுக்குச் சுடிதார். நிறம் ஒன்றாக இருந்தால் போதாதா?

இனி உங்கள் மகளுக்கு வருகிறேன். அவளை வராந்தாவில் நிறுத்தியது அந்த ஆசிரியரின் கடுமை மட்டும் என்று நினைக்காதீர்கள். பதினான்கு வயதில் நம் அரசு ஒரு பிள்ளையின் கையை விட்டுவிடுகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரைதான். தொடக்கக் கல்வியை முடிக்கத் தடையாகிற எந்தச் செலவையும் பிள்ளை மேல் சுமத்தக் கூடாது என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. பதினேழாம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு சீருடைக்குத் தருகிற பணமும் எட்டாம் வகுப்பு வரைதான். மாநில அரசின் நான்கு செட்டும் எட்டாம் வகுப்பு வரைதான். எட்டோடு சட்டமும் நிற்கிறது, சட்டையும் நிற்கிறது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். ஆபத்தில்லாத வேலை என்றால் பதினான்கு வயதுக்கு மேல் போகலாம். அதாவது கல்வியின் கதவு லேசாகச் சாத்தப்படுகிற அதே வயதில் வேலையின் கதவு திறக்கிறது. நம் ஊரில் பிள்ளைகள் நின்றுபோவதும் ஒன்பது, பத்தில்தான். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் சீருடைச் செலவு, வீட்டில் ஏற்கெனவே தயங்கிக்கொண்டிருக்கிற ஒருவருக்குச் சரியான சாக்கு. "துணி வாங்கக் காசில்ல, ஒரு மாசம் வீட்ல இரு" என்று தொடங்கினால், அந்த ஒரு மாதம் எங்கே போய் முடியும் என்று உங்கள் மாமனாருக்குத் தெரியும்.

ஆகவே முதல் கோரிக்கை: இலவசச் சீருடை பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள வேண்டும். இலங்கையைப் பாருங்கள். 1993-லிருந்து அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகச் சீருடைத் துணி தருகிறது. யாழ்ப்பாணத்திலும் மாத்தறையிலும் ஒரே வெள்ளை. பொருளாதாரம் விழுந்து கிடந்த காலத்திலும் அதை விடவில்லை. 2025-ஆம் ஆண்டுக்கான துணி முழுவதையும் சீனாவிடமிருந்து உதவியாகப் பெற்றாவது கொடுத்தார்கள். நம் மாநிலத்துக்கு அடுத்தவரிடம் கையேந்த வேண்டிய நிலை இல்லை. தறி இருக்கிறது, சங்கம் இருக்கிறது, தைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். இன்னும் நான்கு வகுப்புக்குத் துணி என்றால் அவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் வேலை.

துணி என்றதும் இன்னொன்று. வருகிற துணி பாலியஸ்டர் கலந்தது. சீக்கிரம் கிழியாது, இஸ்திரி வேண்டாம், ஆனால் ஜூன் மாதத்து வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கேரள அரசு 2017-லிருந்து அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறித் துணியில் சீருடை தருகிறது. படுத்துக்கிடந்த பல கைத்தறிச் சங்கங்களுக்கு அது வேலை கொடுத்தது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் சட்டைத்துணி நெய்யலாம் என்று நான் கனவு காணவில்லை. அந்தத் தறியும் அந்தக் கையும் வேறு வேலைக்கானவை. பருத்தி நெய்கிற சங்கங்கள் மாநிலத்தில் எத்தனையோ இருக்கின்றன. நான்கு செட்டில் ஒன்றாவது அவர்களிடமிருந்து வரட்டும். அரசுக்குச் செலவு கூடும்தான். பிள்ளையின் முதுகுக்கும் நெசவாளியின் வயிற்றுக்கும் சேர்த்துச் செய்கிற செலவு அது.

இரண்டாவது கோரிக்கை தனியார் பள்ளிகளுக்கு. நம் ஊர்ப் பெற்றோரில் பலர் அங்கே கட்டணம் கட்டுகிறார்கள். குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டிசைன் மாறும், புதன்கிழமைக்கு ஒரு நிறம், விளையாட்டுக்கு ஒரு நிறம், அதற்கொரு ஷூ. பள்ளிக்குள் துணிக்கடை நடத்தாதீர்கள் என்று சி.பி.எஸ்.இ. 2017-லேயே தன் பள்ளிகளுக்கு எழுதியது. இங்கிலாந்தில் 2021-ல் சீருடைச் செலவைக் குறைக்கவே தனிச் சட்டம் போட்டார்கள். பள்ளி முத்திரை போட்ட உருப்படிகளைக் குறைத்து, சாதாரணக் கடையில் வாங்கக்கூடியதாக வையுங்கள் என்பது அதன் வழிகாட்டல். இங்கேயும் அதைக் கேட்கலாம். நிறத்தையும் துணியையும் பள்ளி சொல்லட்டும். எங்கே வாங்குவது, யாரிடம் தைப்பது என்பது வீட்டுக்காரர்கள் முடிவு. ஐந்து வருஷத்துக்குள் டிசைன் மாற்றக் கூடாது. மூத்த பிள்ளையின் சட்டை இளைய பிள்ளைக்கு ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இது ஒரு வரி விதி. எந்த அரசாணைக்கும் காத்திருக்காமல் எந்தப் பள்ளியும் நாளைக்கே எழுதிக்கொள்ளலாம்: சீருடை இல்லாத காரணத்துக்காக எந்தப் பிள்ளையும் வகுப்புக்கு வெளியே நிற்காது. பிள்ளை கலர் சட்டையில் வந்தால் பாடம் கேட்கட்டும். மாலையில் ஆசிரியர் வீட்டுக்குப் போன் பண்ணிக் காரணம் கேட்கட்டும். டைலர் தரவில்லை என்றால் காத்திருப்போம். காசில்லை என்றால் பள்ளி ஏற்பாடு செய்யட்டும். பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், ஊரில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கடம்பத்தூரில் 1958-ல் கொடுத்தது போல. வேண்டுமென்றே வம்புக்குப் போடாமல் வருகிற பிள்ளையும் இருக்கும். அதனிடம் பேசலாம், திட்டலாம்கூட. பாடத்தைப் பறிக்கக் கூடாது. நம் அரசுப் பேருந்தையே பாருங்களேன். பள்ளி திறந்த புதிதில், புது பாஸ் கைக்கு வருகிறவரை, சீருடையில் இருக்கிற பிள்ளையை இலவசமாக ஏற்றிக்கொள்ளுங்கள் என்று போக்குவரத்துத் துறை ஒவ்வொரு வருஷமும் நடத்துநர்களுக்குச் சொல்கிறது. காகிதம் வரத் தாமதமானால் அதற்குப் பிள்ளை பொறுப்பில்லை என்று ஒரு பஸ் கண்டக்டருக்குப் புரிகிறது. துணி வரத் தாமதமானால் அதற்கும் பிள்ளை பொறுப்பில்லை என்று பள்ளிக்கூடத்துக்குப் புரியாதா?

நீங்கள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தோடு போகாதீர்கள், மகள் அங்கேதான் இன்னும் நான்கு வருஷம் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தாய்மார் இரண்டு, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்த ஒரு வரி விதியைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம் இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. தம்பியிடம் சொல்லுங்கள், அவர் கோபம் நியாயமானது, அதைச் சட்டை மேல் காட்டாமல் வராந்தா மேல் காட்டட்டும். மாமனாரையும் பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தறியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலத்தை அவர் வாயால் சொன்னால், பிள்ளையைத் திருப்பி அனுப்புவது என்றால் என்னவென்று அங்கே இருக்கிற இளம் ஆசிரியர்களுக்கு உறைக்கும்.

தீர்மானம் நிறைவேறினால் அதன் வாசகத்தை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். தென்னேரிப் பக்கத்துப் பள்ளிகளில் காட்டி, இங்கேயும் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்